கதை சொன்னவர் எடுத்துக்கொள்ளலாம்

அந்த அம்மாளின் கை மடியில்தான் இருந்தது. அய்யூப்புக்கு அதில் சந்தேகமே இல்லை. அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டவனே அவன்தான். போடுவதற்கு முன்னால், மடியில் கிடந்த அந்தக் கையின்மேல் ஒட்டியிருந்த பூச்சி எச்சத்தை நகத்தால் பதமாகச் சுரண்டி எடுத்தவனும் அவன்தான். இப்போது அந்தக் கை அவள் கழுத்தில் இருந்தது. ஐந்து விரல்களும் தொண்டைக்குழியில் அழுந்தியிருந்தன.

“சரிதான்,” என்றான் அய்யூப், ஆளில்லாத அறையைப் பார்த்து. “ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டாச்சு. இனிமே நம்ம கண்ணுக்கு ஒண்ணு போட்டுக்கணும்.”

தான் சொன்ன தமாஷுக்குத் தானே முதலில் சிரிப்பது அவனுடைய வழக்கம். சிரித்தான். சிரிப்பு சுவரில் தொங்கிய கறுப்புத் துணியில் போய் மோதி அங்கேயே அமுங்கிப்போயிற்று.

வெளியே செங்கம் ரோட்டில் நல்ல வெயில். புளியமரங்களுக்கு அப்பால் ஒரு பஸ் ஆரன் அடித்துக்கொண்டு போனது. மலைப்பக்கமிருந்து மயில் அகவியது. ஓட்டின்மேல் குரங்கு ஒன்று எதையோ உருட்டிக்கொண்டிருந்தது. ஆனால் இந்த வீட்டுக்குள் மட்டும் பகல் கிடையாது. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று அறைகள். ஜன்னல்களை எல்லாம் மார்த்தாம்மா கறுப்புத் துணியால் மூடச் சொல்லியிருந்தாள். ஒவ்வொரு படத்துக்கு மேலேயும் ஒரு சின்ன மஞ்சள் பல்பு. வௌவால் புழுக்கை நாற்றம், புது மரச்சட்டத்தின் வார்னிஷ் நாற்றம், இரண்டுக்கும் அடியில் பழைய போட்டோக்களுக்கே உரிய அந்தப் புளித்த மருந்து நாற்றம்.

திருவூடல் தெருவில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை அய்யூப்புடையது. சாமி படம், கல்யாணப் படம், காரியத்துக்கு வைக்க வேண்டிய படம் எல்லாம் அவனிடம்தான் வரும். காரியத்துக்கு வருகிறவர்கள் அழுதுகொண்டே வருவார்கள். அவர்களை ஒரு தடவையாவது சிரிக்க வைத்து அனுப்பவில்லையென்றால் அவனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. “தாத்தா முறைச்ச மாதிரி இருக்காரே, பீடியைப் பிடுங்கிட்டுப் போட்டோ எடுத்தீங்களா?” என்பான். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரிப்பார்கள். நல்ல வாய். அந்த வாயால்தான் மார்த்தாம்மாவிடம் வந்து மாட்டினான்.

மார்த்தாம்மா எங்கோ குளிர் தேசத்திலிருந்து ஆசிரமத்துக்கு வந்தவள். தியானத்துக்கு உட்கார்ந்தால் முதுகு வலிக்கிறதென்று எழுந்துவிட்டாள். அப்புறம் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. மூடிப்போன ஒரு ஸ்டூடியோவில், ஆட்கள் எடுத்துவிட்டு வாங்க வராமலே விட்டுப்போன போட்டோக்கள் சாக்கு மூட்டையில் கிடந்தன. மூட்டையை அப்படியே வாங்கி வந்தாள். அய்யூப் சட்டம் போட்டான். வாசலில் ஒரு பலகை வைத்தார்கள்: ‘உங்கள் வீட்டிலிருந்து ஒரு படம் கொண்டுவந்து மாட்டுங்கள். இங்கே இருக்கும் ஒரு படத்துக்குக் கதை சொல்லுங்கள். கதை சொன்னவர் அந்தப் படத்தை எடுத்துக்கொள்ளலாம்.’ சொல்லும் கதையைப் பிடித்துவைக்க மேஜைமேல் ஒரு டேப் ரிக்கார்டர்.

“இதுக்குப் பேரு கண்காட்சியாமா?” என்று கேட்டான் அய்யூப்.

“ஒன்று எடுத்தால் ஒன்று வைக்க வேண்டும்,” என்றாள் மார்த்தாம்மா, பாடப்புத்தகத் தமிழில். “அதுதான் கண்காட்சி.”

வந்தவர்கள் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். மைக்கைக் காட்டினால் ஊமையாகிவிட்டார்கள். முன்பின் தெரியாதவர்களின் முகத்தைப் பார்த்து என்ன கதை சொல்வது? ‘நீங்கள் கொஞ்சம் மாதிரிக்குச் சொல்லுங்கள் அய்யூப்’ என்றாள் மார்த்தாம்மா. அவ்வளவுதான். தண்ணீர் திறந்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது.

“இந்தம்மா புருஷனோட சண்டை. கோவத்துல மூக்குத்தியைக் கழட்டி வாயில போட்டுக்கிட்டாங்க. ‘எங்கடி மூக்குத்தி’ன்னு அவரு அதட்டினாரு பாருங்க, லபக். அன்னையிலேர்ந்து மேலயும் வரல, கீழயும் போவல.” கூட்டம் சிரித்தது. தொப்பை வைத்த ஒரு போலீஸ்காரர் படம்: “போட்டோக்காரரு ‘அசையாதே’ன்னு சொல்லும்போது இவருக்குத் தும்மல் வந்துடுச்சு. அடக்கினாரு. இன்னும் அடக்கிக்கிட்டுதான் இருக்காரு.” தோளோடு தோள் ஒட்டி நின்ற இரண்டு சகோதரர்களுக்கு ஒரு சைக்கிள் தகராறு. தலையணைமேல் குப்புறப் படுக்கவைத்து எடுத்த குழந்தைக்கு, “அம்மாக்காரி பால் கறக்கப் போயிருக்கா, மாடு கயித்தை அறுத்துக்கிட்டு ஓடுது, இவரு தலையைத் தூக்கிப் பாத்துக்கிட்டே இருக்காரு, பால் இன்னும் வரல.”

அடி அண்ணாமலையிலிருந்தெல்லாம் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அய்யூப் சொன்னவை மாதிரிக்குத்தான் என்பதால் அந்தப் படங்கள் சுவரிலேயே இருந்தன. அவன் தலை மட்டும் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. கடை பாதிநேரம் பூட்டியே கிடந்தது.

இதில் அவன் செய்த ஒரு காரியம் அவன் மனைவி மஹ்பூபாவுக்குத் தெரியாது.

ஆரம்பத்தில் யாருமே வீட்டுப் படம் கொண்டுவரவில்லை. காலண்டர் கிழித்துக்கொண்டு வந்தார்கள், சோப்புப் பெட்டி அட்டை கொண்டு வந்தார்கள். யாராவது முதலில் வைத்தால்தானே மற்றவர்களுக்குக் கூச்சம் போகும்? அய்யூப் தன் படத்தைக் கொண்டுவந்து வைத்தான். அவன், மஹ்பூபா, மகள் முன்னி மூவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட ஒரே படம். ஊர் முழுக்கப் படம் மாட்டுகிறவன் வீட்டுச் சுவரில் ஒரு படம் கிடையாது. தொழுகிற வீட்டில் முகங்கள் தொங்கக் கூடாது என்பது மஹ்பூபாவின் உறுதி. ஆனால் முன்னி டைபாய்டில் கிடந்து பிழைத்து எழுந்தபோது, அவளே குழந்தைக்குப் புதுப் பாவாடை போட்டு, குதிரை வண்டி வைத்து, ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனாள். பின்னால் அரண்மனைப் படிக்கட்டும் ஒரு பெரிய கதவும் வரைந்த திரை. நடுவில் நாற்காலியில் அய்யூப், எல்லாப் பல்லும் தெரிய. அந்தப் படம் டிரங்குப் பெட்டியில் கல்யாணப் புடவைக்கு நடுவில் இருக்கும். எப்போதாவது எடுத்துப் பார்ப்பாள், முகத்தில் தடவிவிட்டு வைப்பாள். அய்யூப் அதை எடுத்துவந்து, சட்டம் போட்டு, யார் கண்ணிலும் அதிகம் படாத கடைசி அறை மூலையில் மாட்டினான். நம் மூஞ்சியை எவன் எடுக்கப்போகிறான், கடைசி நாளில் உருவிக்கொண்டு போய்விடலாம் என்று கணக்கு.

கடைசி நாள் இன்றுதான். மார்த்தாம்மா மெட்ராஸ் பஸ்ஸுக்கு இடம் சொல்ல பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தாள். நாளைக்கு மீதிப் படங்கள் எல்லாம் அவளோடு கப்பல் ஏறிவிடும். இன்று காலையில் மஹ்பூபா வேறு பிடித்துக்கொண்டாள்.

“ஏங்க, ஊரே போய்ப் பாத்துட்டு வந்துடுச்சு. என்னை மட்டும் கூட்டிட்டுப் போக மாட்டீங்களா?”

“அங்க என்னா இருக்குது? எல்லாம் செத்தவங்க மூஞ்சி.”

“உங்க கடையில மட்டும் உயிரோட இருக்கிறவங்க மூஞ்சியா தொங்குது? நீங்க கூட்டிட்டுப் போவலன்னா போங்க. சாயங்காலம் நானும் முன்னியும் நாங்களே வந்துடறோம்.”

அதற்குள் படத்தை எடுத்து டிரங்குப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். அதற்காகத்தான் வாசல் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்திருந்தான். முதல் அறையிலேயே இந்த மூக்குத்தி அம்மாள் மறித்துவிட்டாள்.

பார்க்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே பக்கத்துப் படத்தைப் பார்த்தான்.

போலீஸ்காரரின் முகம் உப்பியிருந்தது. முன்பு அவருக்குப் பெரிதாக இருந்தது தொப்பை மட்டும்தான். முகம் ஒடுங்கிய முகம், நன்றாக நினைவிருக்கிறது. இப்போது கன்னங்கள் பூசணிக்காய் மாதிரி விம்மி, கழுத்து நரம்புகள் கயிறு கயிறாகப் புடைத்து, கண் இரண்டும் வெளியே தள்ளி, கண்ணோரத்தில் ஈரம் கோடாக இறங்கியிருந்தது. கறுப்பு வெள்ளைப் படத்தில் ஈரம் எப்படித் தெரியும்? தெரிந்தது. சகோதரர்கள் இருவருக்கும் நடுவில் ஒரு ஆள் நுழையும் இடைவெளி. தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான். அண்ணனின் வலது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. அந்தக் கையில் என்ன இருக்கிறதென்று படத்தில் தெரியவில்லை.

குழந்தை.

அய்யூப் அந்தப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றான். கொழுகொழுவென்று, மடிப்பு மடிப்பாகக் கை கால் வைத்த குழந்தை அது. சட்டம் போடும்போது கன்னத்தைத் தொட்டுக் கொஞ்சியிருக்கிறான். இப்போது தலை மட்டும் பெரிதாக இருந்தது. முதுகெலும்பு சீப்புப் பல் போல வரிசையாகத் தெரிந்தது. ஆனாலும் தலையைத் தூக்கி, வாசல் எங்கே இருக்குமோ அந்தப் பக்கம், பார்த்துக்கொண்டே இருந்தது. பால் இன்னும் வரவில்லை.

“யா அல்லா,” என்றான். “நான் சும்மா சொன்னேன்டா கண்ணு. சும்மா.”

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. கூடவே பயமும் வந்திருக்க வேண்டும். அது வந்துசேர இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது. இளகின மனசுக்காரனுக்குப் பயம்கூடத் தாமதமாகத்தான் வரும். படத்தைக் கழற்றி மேஜைக்குக் கொண்டுபோனான். டேப் ரிக்கார்டரை அழுத்தி, மைக்கைக் கையில் எடுத்து, பைத்தியக்காரன் மாதிரி, குழந்தையைப் பார்த்துச் சொன்னான்.

“மாடு கிடைச்சிடுச்சு. பக்கத்து வீட்டுக்காரங்க பிடிச்சுக் கட்டிட்டாங்க. அம்மா ஓடியாந்தா. சொம்பு நிறையப் பாலு, நுரையோட. குடிச்சிட்டு, வயிறு ரொம்பி, தூங்கிட்டான்.”

படத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தான். எந்த நொடியில் மாறியதென்று சொல்ல முடியாது. குழந்தை கன்னத்தைத் தலையணையில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. உதட்டோரம் வெள்ளையாக ஒரு துளி.

அய்யூப் சிரித்தான், அழுதான், மூக்கைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். வயிற்றுக்குள் யாரோ கையை விட்டுப் பிசைவது போல ஒரு பசி எடுத்தது. மத்தியானம் மஹ்பூபா வைத்த கறிக்குழம்பில் இரண்டு தட்டு சாப்பிட்டவன். இருந்தாலும் அழுதால் பசிக்கும்தானே என்று நினைத்துக்கொண்டான். ஓடிப்போய் மூக்குத்தி அம்மாளைக் கழற்றிவந்தான். “ஒரு இருமல் இருமினாங்க. மூக்குத்தி வந்து கையில விழுந்துடுச்சு. புருஷன் மன்னிப்புக் கேட்டுட்டாரு.” அவள் கை மெல்ல மடிக்கு இறங்கியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. எத்தனை காலத்துக்கு அப்புறமோ மூச்சு விட்டவள் மாதிரி இருந்தாள்.

அய்யூப் எச்சில் விழுங்கினான்.

விழுங்க முடியவில்லை.

தொண்டையில் ஏதோ குறுக்கே நின்றது. சின்னதாக, கெட்டியாக, ஒரு பக்கம் கூர்மையாக. இருமினான். அது அசைந்து இன்னொரு இடத்தில் குத்தியது. வாயில் தங்கம் உரசிய ருசி, அப்புறம் ரத்த ருசி. பசி இன்னும் பிசைந்தது. அது சோற்றுப் பசி இல்லை, பால் பசி, பச்சைக் குழந்தையின் பசி என்று இப்போது புரிந்தது.

ஒன்று எடுத்தால் ஒன்று வைக்க வேண்டும்.

இப்போது பயம் வந்தது.

போலீஸ்காரர் பக்கம் திரும்பாமல், “மன்னிச்சுக்குங்க சார்,” என்று முனகிவிட்டுக் கடைசி அறைக்கு ஓடினான். சகோதரர்களையும் பார்க்கவில்லை. தன் படத்தை எடுத்துக்கொள்ள வேண்டும், போய்விட வேண்டும், அவ்வளவுதான். யாரும் அதற்குக் கதை சொல்லவில்லை. அதுவரை நல்லது. யாரும் கதை சொல்லியிருக்க மாட்டார்கள்.

மூலையில் ஆணி மட்டும் இருந்தது.

பல்பு அந்த வெறும் ஆணியைக் காட்டிக்கொண்டிருந்தது. அதன் நிழல் சுவரில் நீளமாக விழுந்திருந்தது.

கதை சொல்லி முடித்த படங்களை மேஜை ஓரத்தில் கவிழ்த்து அடுக்கிவைப்பது மார்த்தாம்மாவின் வழக்கம். சாயங்காலம் அய்யூப் காகிதம் சுற்றிக் கொடுப்பான். அந்த அடுக்கில் மேலாக இருந்தது அவன் செய்த சட்டம்தான். முதுகுப்பக்கம் அடித்த ஆணிகூட அவன் ஆணி. அதைத் திருப்பிப் பார்க்கக் கை வரவில்லை. முதலில் கேட்டுவிடலாம் என்று கேசட்டைப் பின்னால் ஓட்டினான். கீச்சுக் கீச்சென்று குரல்கள் தலைகீழாக ஓடின. நிறுத்தி அழுத்தினான்.

ஒரு காக்கை. மார்த்தாம்மாவின் இருமல். அப்புறம் தெரிந்த குரல். பக்கத்துக் கடை பலராமன், ஜாக்கெட் தைக்கிறவன். நாளெல்லாம் அய்யூப்பும் அவனும் ஒருவர் காலை ஒருவர் வாரிக்கொண்டிருப்பார்கள்.

“கதைன்னா பாய் மட்டும்தான் விடுவாரா? நாங்களும் விடுவோம். இந்தப் படத்துல எல்லாப் பல்லையும் காட்டிக்கிட்டு ஒருத்தரு உக்காந்திருக்காரே, இவருக்குப் பொண்டாட்டி புள்ளை மேல பாசம் ஜாஸ்தி. ‘ஏன் பாய், வீட்டுல கூட்டியாரலயா’ன்னு நேத்து கேட்டேன், ‘உள்ள வச்சுப் பூட்டிட்டு வந்துட்டேன்’றாரு. நெஜமாத்தான் சொல்லியிருக்காரு. பின்னாடி இருக்குது பாருங்க கதவு, அதுக்குள்ளதான் பூட்டியிருக்காரு. சாவியை எங்க வச்சாருன்னு அவருக்கே தெரியல. உள்ளேர்ந்து ரெண்டு பேரும் தட்டறாங்க. தட்டிக்கிட்டே இருக்காங்க. வெளியில யாருக்கும் கேக்கல. நம்ம ஆளு போட்டோவுக்குச் சிரிச்சிட்டே இருக்காரு.”

நாலைந்து பேர் சிரித்தார்கள். பலராமனின் குரல் மைக்கை விட்டுத் தள்ளிப்போய், “பாய்கிட்ட சொல்லிடாதீங்கம்மா. சாயங்காலம் நானே குடுத்துடறேன். சும்மா தமாசு,” என்றது. அப்புறம் டேப் வெறுமனே இரைந்தது.

இரைச்சலுக்குள் டொக் என்று ஒரு சத்தம்.

டொக். டொக்.

அய்யூப் டேப் ரிக்கார்டரை நிறுத்தினான். சத்தம் நிற்கவில்லை.

கவிழ்ந்து கிடந்த சட்டத்திலிருந்து வந்தது. திருப்பினான். படத்தில் அவன் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். இரண்டு பக்கமும் யாரும் இல்லை. பின்னால் திரையில் வரைந்த கதவு மூடியிருந்தது. அதன் விளிம்பில், புதுப் பாவாடையின் ஜரிகை ஒரு விரற்கடை அளவு சிக்கியிருந்தது. தன் முகத்தையே பார்த்தான். என்ன ஒரு சிரிப்பு. ஓங்கி அறையலாம் போல இருந்தது.

டொக் டொக் டொக். உயரத்தில் ஒரு தட்டல், அவசரமாக. அதற்குக் கீழே இன்னொன்று, தாழ்ப்பாளுக்கு எட்டாத உயரத்தில். சின்ன முட்டியால் தட்டுவது.

வீட்டுக்கு ஓடலாமா? சைக்கிளை எடுத்தால் எத்தனை நேரம் ஆகும்? வீட்டில் அவர்கள் இருப்பார்களா? காலையில் பார்த்தானே. காலையில் பேசினாளே. பலராமன் இதைச் சொன்னது அதற்கு முன்னாலா, பின்னாலா? கால் வாசல் பக்கம் ஒரு அடி வைத்தது. அந்த ஒரு அடிக்குள் மேலே தட்டிய சத்தம் நின்றுவிட்டது. கீழே தட்டுவது மட்டும் கேட்டது. அதுவும் இடைவெளி விட்டு. டைபாய்டில் கிடந்தபோது முன்னி இப்படித்தான் இடைவெளி விட்டு மூச்சு வாங்கினாள்.

ஆணிகளைப் பிடுங்கினான். கண்ணாடியை எடுத்துப் போட்டான். வெறும் படத்தை மேஜைமேல் வைத்தான். விலை என்ன என்று அவனுக்குத் தெரியும். வியாபாரிதானே. மைக்கை எடுத்தான்.

குரல் வரவில்லை. தொண்டையில் இருந்தது கிழித்தது. மறுபடி முயன்றான், கரகரவென்று, கிழவனின் குரல் மாதிரி வந்தது.

“கதவு பூட்டவே இல்ல. அந்தாளு பொய் சொன்னான். பெரிய பொய்யன் அவன். தள்ளினா திறக்கும். மஹ்பூபா தள்ளினா. திறந்துடுச்சு. முதல்ல முன்னி வரா. பாவாடையைப் பிடிச்சுக்கிட்டு வரா. ஒரு செருப்பு உள்ளயே விட்டுட்டா, பரவால்ல, வேற வாங்கிக்கலாம். வெளியில நல்ல வெயிலு. காத்து. ரெண்டு பேரும் ரோட்டுல நடந்து வராங்க. முன்னிக்கு முறுக்கு வாங்கித் தரா.” இருமினான். மேஜையில் ரத்தம் தெறித்தது. கதை நன்றாக இருந்தது; இன்னும் கொஞ்சம் சேர்க்கலாம் என்று தோன்றியது. அவனுக்கு எப்போதுமே நிறுத்தத் தெரியாது. “இனிமே அவங்க ரெண்டு பேருக்கும் எந்தக் கதவும் மூடாது. எந்தத் தாழ்ப்பாளும் நிக்காது. அவ்ளோதான் கதை.”

தட்டல் நின்றது.

படத்தில் மஹ்பூபா இடது பக்கம் நின்றாள், முக்காட்டைச் சரியாக இழுத்துவிட்டு. வலது பக்கம் முன்னி. இருவருக்கும் நடுவில் வெறும் நாற்காலி.

அய்யூப் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றான். மேஜை மெத்தென்று இருந்தது. அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பி வந்தது. வஜ்ஜிரப் பசையும் சுண்ணாம்பும் கலந்த நாற்றம் குப்பென்று அடித்தது. திரை வரைகிறவர்கள் காய்ச்சும் பசை. மஞ்சள் பல்புகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் வெளிச்சம் எதன்மேலும் விழவில்லை. எல்லா நிழலும் ஏற்கெனவே வரைந்திருந்தது.

வெளியே குரல்கள்.

“பாய்! யோவ் பாய்! சைக்கிள் இங்கதான் நிக்குது, உள்ள என்னா பண்றாரு?” பலராமன்.

“உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கிறார்,” மார்த்தாம்மா.

“முன்னி, தள்ளாதே, கதவு கனம்.” மஹ்பூபா. உயிரோடு. வெயிலில் நடந்து வந்த மூச்சிரைப்போடு.

தாழ்ப்பாள் தானாக விழும் சத்தம் கேட்டது. கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

அய்யூப் வாசலுக்குப் பாய்ந்தான். கை கதவில் பட்டது. துணி. தாழ்ப்பாளைப் பிடித்தான். பெயிண்ட். நகத்தில் பழுப்பாக உதிர்ந்தது. கதவுக்கு முன்னால் படிக்கட்டு, இரண்டு பக்கமும் பூச்சாடி, மேலே அரண்மனை வளைவு. தட்டினான். துணியில் தட்டினால் சத்தம் வராது. கத்தினான். தொண்டையில் இருந்தது இன்னும் கீழே இறங்கியது.

காலடிகள் நடந்து வந்தன. பக்கத்தில் இல்லை. மேலே. வீட்டைவிடப் பெரிதாக.

“எங்கயும் காணோமே,” என்றது பலராமனின் குரல், வானத்திலிருந்து இடி உருளுவது போல. “மேஜையில என்னாது, ரத்தமா?”

“இது எங்க படம்,” என்றாள் மஹ்பூபா. “பெட்டியில வச்சிருந்தேன். இது எப்படி இங்க... ஏன் நாற்காலி காலியா இருக்குது?” அவள் குரல் உடைந்தது. “அவரு எங்க? நடுவுல அவருதான உக்காந்திருந்தாரு? பலராமண்ணே, அவரு எங்க?”



துணியின் கீழ்விளிம்பு தரையைத் தொடவில்லை. அடியில் மயிரிழை அளவு வெளிச்சம். நிஜ வெளிச்சம். சாயங்கால வெயில். அய்யூப் குப்புறப் படுத்தான். விரல்களைச் செருகினான். தோல் உரிந்தது. நான்கு விரல் நுனிகள் வெளியே போயின. காற்றுப் பட்டது. அசைத்தான். முன்னி. இங்கே. முன்னி.

“அம்மா.” சின்னக் குரல். மிக அருகில். “கதவுக்கு அடியில என்னமோ இருக்குது.”

பாத்துட்டா. என் தங்கம் பாத்துட்டா.

“படத்தைக் குடுடி, கீழ போட்டுடப்போற,” என்றாள் மஹ்பூபா அழுதுகொண்டே.

“அழுக்கும்மா. நாலு புள்ளி. அப்பா பாத்தா திட்டுவாரு. நான் தொடச்சிடறேன்.”

நாக்கில் தொட்டு எடுக்கும் ஈரச் சத்தம் கேட்டது. வெளிச்சம் மறைந்தது. முறுக்கு வாசனையோடு, கட்டைவிரல் ஒன்று, வெதுவெதுப்பாக, ஈரமாக, அவன் விரல்களின்மேல் வந்து அழுந்தியது. பொறுமையாக, அக்கறையாக, தேய்க்க ஆரம்பித்தது. முதல் விரல் கரைந்தது.